ஒரே மூச்சில் ஒரு முறையீடு

கேளுங்கள், காது உள்ளவர்கள் எல்லாரும் கேளுங்கள். முன்னொரு காலத்தில் கடற்கரை நாடு ஒன்றை ஓர் அரசன் ஆண்டான். அவனுக்குப் பட்டப்பெயர்கள் பதினெட்டு. செய்த காரியங்கள் எத்தனை என்று கேட்காதீர்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

அந்த அரசன் ஆண்டுக்கு ஒரு நாள் குடிமக்களின் குறை கேட்பான். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. பதினெட்டுப் பட்டங்களையும் சொல்லி, பிறகு குறையையும் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பேசுகிறவரின் முகத்தருகே ஒரு காவலன் இறகு பிடித்து நிற்பான். அவர் மூச்சை உள்ளே இழுத்து இறகு அவர் பக்கம் சாய்ந்தால் மணி அடிப்பார்கள். அடித்தால் அடுத்த ஆண்டுதான். குறையை முழுதாகச் சொல்லிவிட்டால் மட்டும் அரசன் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பேசுகிறவரின் மூச்சு ஓடும்வரை அரசனும் குறுக்கே பேசக் கூடாது.

செல்வர்கள் மூச்சு நீண்ட பாடகர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர்கள் குறை தீர்ந்தது. ஏழைகள் சொந்த மூச்சோடு போனார்கள். அரசனைப் புகழ்ந்துவிட்டு வீடு திரும்பினார்கள். இதற்கு நீதி என்று பெயர்.

அந்த நாட்டின் தெற்குக் கோடியில் அளத்துக்குடி என்று ஓர் ஊர். உப்பு வாரிப் பிழைக்கும் நாற்பது வீடுகள். அவர்களுக்கு நல்ல தண்ணீர் ஒரே வாய்க்காலில் வந்தது. மந்திரி தன் தென்னந்தோப்புக்காக அந்த வாய்க்காலின் மதகை அடைத்தான். அன்று முதல் ஊர் உவர்நீரைக் குடித்தது. குழந்தைகளுக்கு வயிறு வீங்கியது. யார் போய்க் கேட்பது என்று பேச்சு வந்தபோது, சடைச்சி என்ற உப்பளக்காரி நான் போகிறேன் என்றாள்.

முதல் ஆண்டு போனாள். பன்னிரண்டாம் பட்டத்தில் மூச்சு முறிந்தது. மணி அடித்தது. சபை கலைந்த பிறகும் அவள் காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதல் பட்டத்தைச் சொன்னாள். பாத்தியிலிருந்து உப்புக் குவியல்வரை ஒரே மூச்சு என்று வைத்துக்கொண்டாள். முதலில் வெறுங்கூடை. பிறகு அரைக்கூடை. பிறகு முழுக்கூடை. அளத்தில் எல்லாரும் சிரித்தார்கள். "ராசாவுக்கு இத்தனை பேர் இருக்கே, அவங்க ஆத்தா எதைச் சொல்லிச் சோத்துக்குக் கூப்பிடுவா?" என்று நாத்தனார் வேலம்மாள் கேட்டாள். சடைச்சிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மூச்சு போனது. திரும்பிப் பாத்திக்கே வந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாம் ஆண்டு போனாள். பதினெட்டையும் தாண்டினாள். ஆனால் உப்பளத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரிடம் எது பேசினாலும், தான் யார் மகள், யார் மருமகள் என்று சொல்லாமல் விஷயத்துக்கு வரமாட்டார்கள். அது அவர்களுக்கு மரியாதை. சடைச்சி தகப்பன் பெயரைச் சொன்னாள், தாய் பெயரைச் சொன்னாள், மாமனார் பெயரில் மூச்சு நின்றது. மணி அடித்தது. "உன் மாமனாருக்கு என் ஆசிகள்" என்றான் அரசன். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. மந்திரி எல்லாரையும்விட அதிகம் சிரித்தான்.

அவள் ஊர் வந்து சேர்ந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம், அதற்குள் தண்ணீர் வராவிட்டால் நாற்பது வீட்டாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போவது என்று முடிவு செய்தார்கள். போவதற்கு இடம் எது என்று யாருக்கும் தெரியாது.

சடைச்சி அந்த ஆண்டு இரண்டு வேலை செய்தாள். சொல்ல வேண்டியதைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வரியாக்கினாள். அதிலிருந்து தகப்பனை எடுத்தாள், தாயை எடுத்தாள், மாமனாரை எடுத்தாள். மூச்சையோ நீட்டிக்கொண்டே போனாள். பட்டமும் குறையும் முடிந்த பிறகும் அவள் நிற்கவில்லை. ஊரின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு, தலையில் முழுக்கூடையோடு குவியல்மேல் ஏறினாள். முதலில் ஐந்து வீடு. பிறகு இருபது. கடைசியில் நாற்பது.

"அதான் முடிஞ்சுபோச்சே, அதுக்கு மேல வீட்டுப் பேரெல்லாம் எதுக்கு மதினி?" என்றாள் வேலம்மாள்.

"அது ராசா வாசல். நாம போறதுக்குள்ள அளவை மாத்துவாங்க" என்றாள் சடைச்சி.

மூன்றாம் ஆண்டு போனாள். அவள் சொன்னபடியே நடந்தது. அந்த ஆண்டு அரசன் போருக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் மழைக்குப் பயந்து திரும்பியிருந்தான். அதற்காக மந்திரி ஆறு புதிய பட்டங்கள் சூட்டியிருந்தான். இனிமேல் இருபத்துநான்கு என்று வாசலிலேயே அறிவித்தார்கள். கூலிப் பாடகர்கள்கூட முகம் வெளுத்தார்கள். முதலில் போனவன் பத்தொன்பதில் விழுந்தான். அடுத்தவன் இருபத்திரண்டில். மூன்றாமவன் பட்டங்களை முடித்துவிட்டு, குறையைச் சொல்ல வாயைத் திறந்தான், காற்று வரவில்லை. அந்த மூன்று பேர் வாயிலிருந்தே சடைச்சி ஆறு புதிய பட்டங்களையும் பாடம் செய்துகொண்டாள்.

அவள் முறை வந்தது. இறகை நீட்டினார்கள். அவள் மூச்சை நிரப்பித் தொடங்கினாள். பத்து, பதினெட்டு, இருபது, இருபத்துநான்கு. இறகு அவள் பக்கம் சாயவில்லை. தலையில் கூடை இல்லாமல் பேசுவது அவளுக்கு எளிதாகவே இருந்தது. பிறகு, தேய்த்து வைத்த அந்த ஒரு வரி:

"உங்கள் மந்திரி தன் தென்னைக்காக எங்கள் மதகை அடைத்தார், எங்கள் பிள்ளைகள் உவர்நீர் குடிக்கிறார்கள், மதகைத் திறக்கச் சொல்லுங்கள்."

மணிக்காரன் கயிற்றைப் பிடித்தபடி இறகைப் பார்த்தான். மந்திரி ஏதோ சொல்ல எழுந்தான். அரசனே வாய் திறக்க முடியாத நேரத்தில் அவன் எப்படிப் பேசுவான்? உட்கார்ந்தான். சடைச்சியிடம் இன்னும் மூச்சு இருந்தது. அவள் வீடுகளைச் சொல்லத் தொடங்கினாள். ஓச்சாயி வீடு, சுடலையாண்டி வீடு, காத்தமுத்து வீடு, வேலம்மாள் வீடு. அந்த மண்டபத்தில் அதற்குமுன் ஒருநாளும் ஒலிக்காத பெயர்கள் அவை. இருபத்தேழாவது வீட்டில்தான் இறகு சாய்ந்தது.

அரசன் வேடிக்கையாக எதையாவது சொல்லலாமா என்று யோசித்தது அவன் முகத்தில் தெரிந்தது. சிரிக்க ஆள் இல்லை. வாசலில் முறைக்குக் காத்திருந்த ஏழைகள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் அவன் போட்டது. "மதகைத் திறந்துவிடுங்கள்" என்றான்.

தண்ணீர் கேட்க ஒரு பெண் இரண்டு ஆண்டு மூச்சைப் பழக்க வேண்டியிருந்தது. அந்த வெட்கம் அரசனுடையது. பெருமை முழுவதும் அவளுடையது. அடுத்த ஆண்டு குறை கேட்கும் நாளில், கூடை சுமந்து மூச்சுப் பழகிய பெண்கள் பதினோரு பேர் வாசலில் வரிசையாக நின்றார்கள் என்றும், முதலில் நின்றவள் வேலம்மாள் என்றும் சொல்கிறார்கள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: கேட்ட அளவோடு நிற்காமல் அதற்கும் மேலே நாள்தோறும் பழகி வைத்தவரை, அளவை மாற்றுகிறவனாலும் தோற்கடிக்க முடியாது.