இன்சுலினை வாசலில் பிடித்தவன்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்தவை எல்லாம் பேசும். பேச்சென்ன, சண்டையே போடும்.

தொடைச் சதையில் ஒரு செல் இருந்தது. வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுவரில் குறுக்கன் என்று ஒரு காவல்காரன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் இல்லை. சுவரோடு சுவராகப் பதிந்தவன். இரண்டு கைகள் வெளியே, இரண்டு கால்கள் உள்ளே. நகர வழியில்லை.

சாப்பாடு முடிந்ததும் ரத்தத்தில் சர்க்கரை வந்து சுவரை முட்டும். அது நுழைய வேண்டிய கதவுகளோ சுவரில் இருக்காது. வீட்டின் அடியில் பைக்குள் சுருண்டு தூங்கும். அப்போது கணையத்திலிருந்து இன்சுலின் வருவான். குறுக்கனின் கைக்குக் கீழே குனிந்து நுழைவான். அடிவரை போய்க் கதவுகளைத் தட்டி எழுப்புவான். அவை மேலே வந்து சுவரில் பொருந்தும். சர்க்கரை உள்ளே வரும். வீடு சாப்பிடும்.

"வாங்க மாமா, வாங்க!" என்று உள்ளே ஒரே கூத்து.

குறுக்கனுக்கு வயிறு எரிந்தது. ஓடுகிற ரத்தமெல்லாம் மோதுவது இவன் மேல். மரியாதை மட்டும் வந்து போகிறவனுக்கு. பவளம் என்று ஒருத்தி உள்ளே இவன் காலடியிலேயே நின்றாள். அவள்கூட ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

"ஏ பவளம், அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"அவரு வந்தா சோறு வருது. நீ வந்தா என்ன வரும்?"

"நான் எங்கே வர்றது? இங்கேயேதானே நிக்கிறேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அந்தப் பேச்சு அவனை அரித்துத் தின்றது. அடுத்த வேளை இன்சுலின் குனிந்தான். குறுக்கன் இரண்டு கைகளாலும் அவனை இறுக்கிப் பிடித்தான்.

"என்னப்பா விளையாட்டு? நேரமாகுது."

"செய்தியை என்கிட்டச் சொல்லு. உள்ளே நான் சொல்லிக்கிறேன். இனிமே என் பேரைச் சொல்லித்தான் அவங்க சாப்பிடணும்."

"சரி. நீ எப்படி உள்ளே போவே?"

குறுக்கன் அதை யோசிக்கவே இல்லை. பொறாமை பிடித்தவனுக்கு யோசிக்க ஏது நேரம்? காலை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. வெளியே சர்க்கரை நெரிந்தது. உள்ளே பசிக் கூச்சல் கிளம்பியது.

"குறுக்கா, மாமாவை விடுடா! வீடே பட்டினியில போயிடும்!" என்று கத்தினாள் பவளம்.

விட்டால் மானம் போகும். விடாவிட்டால் வீடு போகும். அவன் இன்னும் இறுக்கினான். இறுக்கிய இறுக்கில் கால்கள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கி ஒன்றோடொன்று உரசின. உரசிய இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அந்தக் காலை நீட்டிப் பவளத்தின் நெற்றியில் ஒற்றினான்.

"அடப்பாவி, காலாலயா பொட்டு வைக்கிறே?"

"கை வெளியே மாட்டிக்கிச்சு. அப்புறமா திட்டு. இந்தப் பொட்டுதான் செய்தி. பக்கத்து ஆளுக்கு வை. அவனை அடுத்தவனுக்கு வைக்கச் சொல்லு. கதவு வரைக்கும் போகட்டும்."

திட்டிக்கொண்டேதான் வைத்தாள். பொட்டு பட்டவன் துள்ளி எழுந்து அடுத்தவனுக்கு வைத்தான். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, பொட்டு அடிவரை ஓடியது. கதவுகள் விழித்தன. பையோடு மிதந்து வந்து சுவரில் பொருந்தின. சர்க்கரை கொட்டியது.

"பவளம் வாழ்க! கதவுகள் வாழ்க!" என்று வீடே கத்தியது.

குறுக்கன் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. ஆத்திரத்தில் பிடியை விட மறந்தான். சுவர் இருவரையும் சேர்த்து ஒரு பையாகச் சுருட்டி உள்ளே இழுத்து விழுங்கிவிட்டது.

இருட்டுப் பைக்குள் இன்சுலின் கரையத் தொடங்கினான்.

"நானும் உள்ளே வந்துட்டேன் பார்," என்றான் குறுக்கன். "இப்பவாவது என்னைப் பார்க்கிறாங்களா?"

"பார்க்க யாரு இருக்கா? எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."

அதுதான் இன்சுலினின் கடைசிப் பேச்சு. குறுக்கனை வீடு மறுபடி சுவரில் ஏற்றி வைத்தது. திருந்தினானா? இல்லை. அடுத்து வந்த இன்சுலினையும் பிடித்தான்.

அன்று முதல்தான் இன்சுலின் வாசலோடு நின்றுவிட, பொட்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாறி உள்ளே போகிறது. அன்று முதல்தான், ஓயாமல் இன்சுலின் வந்துகொண்டே இருந்தால், சுவர்தோறும் இருக்கிற குறுக்கன்களில் விழுங்கப்பட்ட பலர் சுவருக்குத் திரும்பாமல் போகிறார்கள். பொட்டு வைக்க ஆள் குறைந்து, வெளியே சர்க்கரை குவியக் குவிய, உள்ளே வீடு பட்டினி கிடக்கிறது.