உப்பு டிரம்மின் மேல்

"பதினோரு பேருக்க சாபம் எனக்க தலையில கெடக்கு, ஆசானே," என்றார் கிறிஸ்பின்.

"ஆசானும் மண்ணாங்கட்டியும். உள்ள வாங்கண்ணே," என்றாள் ஜெசிந்தா.

கிறிஸ்பினுக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு ஒன்றில் சமையல்காரர்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்திநாலு. வருஷத்தில் பாதி நாள் மழை பிடித்துக்கொள்ளும் ஊரில் வெயிலை நம்பிப் பிழைக்க முடியாது என்று ஒரு டிரையர் வாங்கிப் போட்டிருந்தாள். ஆள் உயரப் பெட்டி. உள்ளே பத்துத் தட்டு, பின்னால் சூடான காற்றைத் தள்ளும் விசிறி. மீன், ஏத்தம்பழம், மாட்டிறைச்சி, எதைக் கொடுத்தாலும் காய்ந்து வரும். அவள் காய வைக்கும் கார இறைச்சிக்கு அந்தக் கரையே அடிமை.

"என்ன சாபம்?"

கிறிஸ்பின் சொல்லத் தொடங்கினார். சுருக்கமாகச் சொல்வது அவருடைய பரம்பரையிலேயே கிடையாது. அவர் அரைமணி நேரம் சொன்னது இவ்வளவுதான்.

நாற்பது நாள் கடலில் கிடப்பவர்களுக்கு மீனைக் கண்டாலே வெறுத்துவிடும். பச்சை இறைச்சி நாலு நாள் தாங்காது. அதனால் போன தடவை அவரே பதினைந்து கிலோ மாட்டிறைச்சிக்கு மசாலா பிரட்டி, தெரிந்தவர் வீட்டு டிரையரில் காய வைத்துக் கொண்டுபோனார்.

படகில் இருந்த பதினோரு பேரும் தின்றார்கள். தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

நாற்பது நாளைக்கு ஏற்றிய தண்ணீர் இருபத்து மூன்றாம் நாள் தீர்ந்தது. வலை நிறைய மீன் படுகிற நேரத்தில் படகைத் திருப்ப வேண்டியதாயிற்று.

"படகு ஓட்டுறவரு, ஸ்ராங்கு, என்ன சொன்னாரு?"

"வியாழக்கிழம படகு போவுது. புதனாச்ச வந்து எனக்க எறச்சிய தின்னு பாப்பாராம். தண்ணி கேட்டாருன்னா எனக்குப் பதிலு வேற ஆளு." அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இருவத்தாறு வருசமா அந்த அடுப்புதான் எனக்கு வீடு, மக்ளே. உனக்க மசாலா ரகசியத்த மட்டும் சொல்லு."

ஜெசிந்தா அவர் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தாள்.

ஐந்து கிலோ இறைச்சி. கொழுப்பை எல்லாம் சீவி எறிந்து, மெல்லிசாக நறுக்கினார். நறுக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தார். அவள் வத்தல் தூள், நல்லமிளகு, காந்தாரி மிளகாய், பூண்டு, வினிகர் எல்லாம் சேர்த்தாள். உப்பை மட்டும் தராசில் நிறுத்துப் போட்டாள். பிரட்டி ஊற வைத்தாள்.

சாயங்காலம் அதில் ஒரு துண்டை எடுத்துக் கல்லில் வாட்டிக் கொடுத்தாள்.

"பாருங்க."

மென்றார். முகம் விழுந்தது.

"உப்பு பத்தாது."

"ஆமா."

"எரிவும் பத்தாது."

"ஆமா."

"பின்ன போடட்டா?"

மீன் உலர்த்துபவள் என்பதால் அவளிடம் உப்பு டிரம்மில்தான் இருக்கும். ஜெசிந்தா டிரம்மை மூடினாள். அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு, மக்ளே."

"மாட்டேன்."

"பத்தாதுன்னு நீயும்தான சொன்ன?"

"சொன்னேன்."

"பின்ன?"

அவள் காலை ஆட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

கிறிஸ்பின் டிரம்மை மூன்று தடவை சுற்றி வந்தார். கோயில் கொடிமரத்தைக்கூட அவர் அப்படிச் சுற்றியதில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் தட்டுகள் உள்ளே போயின. மத்தியானம் தாண்டி ஜெசிந்தா கதவைத் திறந்தாள். வாசனையிலேயே கிறிஸ்பினுக்குத் தும்மல் வந்தது.

ஒரு துண்டை எடுத்து வளைத்தாள். வளைந்தது, நடுவில் கீறியது, வெள்ளை நார் தெரிந்தது. ஒடியவில்லை.

"ஆச்சு. தின்னு பாருங்க."

வாயில் போட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்லக் காரம் காது வரை ஏறிற்று. உப்பு இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது.

"எனக்குத் தெரியாம எப்போ உப்பு போட்ட?"

"நான் அதுக்க மேல இல்லியா இருந்தேன்."

"சத்தியமா?"

அவள் தராசை இழுத்து வைத்தாள். பத்துத் தட்டையும் தராசில் கவிழ்த்தாள். முள் இரண்டு கிலோவைக்கூடத் தொடவில்லை.

"நேத்து அஞ்சு கிலோ இருந்துதே. மிச்சம் எங்க?"

"தண்ணியாட்டு போச்சு," என்றார் கிறிஸ்பின்.

"உப்பு?"

கிறிஸ்பின் தராசைப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"அட கிறிஸ்பினே! கொழம்புக்கு உப்பு பாக்குத நாக்க வச்சு, காயாத எறச்சிக்கு..."

மேலே பேச முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு பேர் தண்ணீர்க் குழாயைச் சுற்றி வரிசையில் நின்றது ஞாபகம் வந்து இன்னும் சிரித்தார். ஜெசிந்தாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, கொஞ்சம் காந்தாரியாலும்.

புதன்கிழமை ஸ்ராங்கு பத்திநாதன் வந்தார். கையோடு ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்திருந்தார். அதைத் தட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டார்.

அது சட்டென்று விழுங்கிவிடக்கூடிய இறைச்சி அல்ல. அவர் மென்றார்.

கிறிஸ்பினிடம் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. நறுக்கிய விதம், காந்தாரியின் குணம், காற்றின் சூடு. வாயைத் திறந்தார்.

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள்.

கிறிஸ்பின் வாயை மூடிக்கொண்டார். போய் டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

பத்திநாதன் மென்றுகொண்டே இருந்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கை பாட்டிலை நோக்கிப் போனது.

கிறிஸ்பின் டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பத்திநாதன் பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு துண்டு எடுத்தார். அப்புறம் இன்னொன்று.

"இதுல என்னடே போட்ட?"

பிறந்ததிலிருந்து கிறிஸ்பினுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

"சொல்ல மாட்டியா? செரி. நாளைக்கு வெளுப்புக்கு முன்ன படகு எடுக்கும். எழும்பி வா, அடுப்புச் சாமான ஏத்தணும்."

"நீரு முன்ன போவும்," என்றார் கிறிஸ்பின். "நான் கொஞ்ச நேரம் இதுக்க மேல இருந்துட்டு வாறேன்."