முதல் மரக்காலுக்கு வந்த பெயர்

எண்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. இருந்ததெல்லாம் ஒன்று என்கிற பெரியவர் மட்டும். களத்து நெற்குவியல் மாதிரி அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மலை, மழை, எறும்பு, மனுசன் எல்லாமே அவருக்குள் அடக்கம். தன் கால் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்று எறும்புக்குத் தெரியாது. சண்டை இல்லை, பசி இல்லை, சொந்தமாய் இழுத்து விட ஒரு மூச்சும் இல்லை.

அந்தக் குவியலின் அடியில் கிடந்தவள் இரண்டு. அவளுக்குத்தான் புழுங்கியது.

"பெரியவரே, நான் வெளியே போகிறேன்."

"வெளியே என்று ஓர் இடமே இல்லையே," என்றார் ஒன்று.

"நான் போய் நிற்கிற இடம் வெளி."

"இங்கே உனக்கு என்ன குறை?"

"நான் இருக்கிறேன் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதெல்லாம் ஒரு பிழைப்பா?"

"போனால் உனக்கு நிற்கத் தெரியாது. கரைந்து போவாய்."

"கரைந்தாலும் நான் கரைந்ததாக இருக்கட்டும்."

சொன்னவள் ஒரே துள்ளாகத் துள்ளி வெளியே விழுந்தாள். அதற்கு முன் எங்கேயும் எதுவும் நடந்ததில்லை. ஆகவே உலகத்தில் நடந்த முதல் காரியமே ஓர் அடங்காத காரியம்தான். இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

அவளோடு ஒட்டிக்கொண்டு எறும்பும் வந்து விழுந்தது. "எனக்கு இத்தனை காலா இருந்தது?" என்று தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

ஆனால் பெரியவர் சொன்னதும் பொய்யில்லை. பிரிந்தவளுக்குப் பிரிவதை நிறுத்தத் தெரியவில்லை. பிளந்தாள், பிளந்ததும் பிளந்தது. நெல் குருணையாகி, குருணை மாவாகி, காற்றில் பறக்கத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் போனால் ஊதினாலே காணாமல் போவாய். ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போய்விடலாம், வா," என்று எறும்பு கெஞ்சியது.

"நீ போ. போகும்போது உன் கால்களையும் அங்கேயே கொடுத்துவிடு."

எறும்பு தன் கால்களை வயிற்றோடு இழுத்து வைத்துக்கொண்டது.

இரண்டு உள்ளே போகவில்லை. பறக்கிற தூசியாகவே திரும்பி, பெரியவரைப் பார்த்தாள். உள்ளே கிடந்தவரைக்கும் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்த கணத்தில் பிளப்பு நின்றது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் அந்தப் பார்வையே உருவெடுத்து நின்றது. அதுதான் மூன்று. அதன் பின்னால் நான்கு, ஐந்து என்று வரிசை கட்டி வந்தார்கள். வந்தவர்கள் யாருக்கும் கால் ஊன்றவில்லை; தள்ளாடினார்கள்.

"இப்போது பேரம் பேசலாம்," என்றாள் இரண்டு. "நாங்கள் ஒவ்வொருவரும் சிதறாமல் நிற்க, எங்களுக்குள் நீங்கள் இருக்க வேண்டும்."

"ஓடிப்போனவள் கேட்கிறதைப் பார். எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு நான் என்ன ஆவது?"

"கொடுத்துப் பாருங்கள். ஒரு நெல்மணி குறைந்தாலும் நானே உள்ளே வந்து படுத்துக்கொள்கிறேன். பிறகு தலை தூக்க மாட்டேன்."

ஒன்று தன்னையே அள்ளிக் கொடுக்கத் தொடங்கினார். மூன்றுக்குக் கொடுத்தார், நான்குக்குக் கொடுத்தார், எறும்புக்கும் எறும்பின் ஒவ்வொரு காலுக்கும் கொடுத்தார். இரண்டு கண்ணை எடுக்காமல் குவியலின் உச்சியையே பார்த்திருந்தாள். வரிசை முடிந்தது. ஒரு நெல்லும் சரியவில்லை.

பெரியவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. "ஜெயித்துவிட்டாய். இனி என்னையும் உங்கள் வரிசையில் நிறுத்தி எண்ணுவாயாக்கும்."

"எண்ண மாட்டேன். நாங்கள் கிளைத்தவர்கள், நீங்கள் வேர். ஆனால் எண்ணிக்கை என்னிடமிருந்துதான் தொடங்கும். அதை விட்டுத்தரமாட்டேன்."

"அப்படியென்றால் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாய்?"

"எவ்வளவு கொடுத்தாலும் குறையாததற்கு எனக்குத் தெரிந்து ஒரே பேர்தான் இருக்கிறது," என்றாள் அவள்.

அன்றைக்குப் படிந்த பேரம் இன்றைக்கும் மாறவில்லை. களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லவே மாட்டார், "லாபம்" என்பார். அடுத்த மரக்காலைக் கொட்டும்போதுதான், யாருக்கும் அஞ்சாத குரலில், "ரெண்டு" என்பார்.