மருந்துக்குக் கேட்காத இருமல்

ஐப்பசி மழையில் ஞானாம்பிகை அம்மையாருக்குப் பிடித்த இருமல் மாசி பிறந்தும் விடவில்லை.

மலையடிவாரத்தில் இருந்தது அவருடைய ஆசிரமம். சீடர் மாசிலாமணி அவரைவிட மூத்தவர், பேர் பெற்ற சித்த வைத்தியர். தொழிலை மகனிடம் விட்டுவிட்டு அம்மையாரிடம் பாடம் கேட்க வந்தவர். இருமல் தொடங்கியதிலிருந்து அவர் பாடத்தின் பக்கமே வரவில்லை. அடுப்படியிலேயே கிடந்தார்.

ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார். தூதுவளை நெய் கொடுத்தார். திப்பிலியைத் தேனில் குழைத்துக் கொடுத்தார். அம்மையார் எதையும் மறுக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு இருமினார்.

"தயிர் சேர்த்தீங்களா?"

"இல்லை."

"பனியில நின்னீங்களா?"

"எல்லாத்தையும் நிறுத்தியாச்சு, வைத்தியரே. இருமல் ஒண்ணுதான் பாக்கி."

டவுன் டாக்டரிடமும் கூட்டிப் போனார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. தானா அடங்கும். கொஞ்சம் பொறுக்கணும்."

"இதைச் சொல்ல ஒரு டாக்டரா" என்று வழி முழுக்க முணுமுணுத்தார் மாசிலாமணி.

திரும்பி வந்ததும் மிளகுக் கஷாயம் வைத்துக் கொண்டுபோய் நீட்டினார். அம்மையார் ஒரு மிடறு விழுங்குவதற்குள் இருமல் வந்துவிட்டது. கஷாயம் அவர் சேலையெல்லாம் தெறித்தது.

மாசிலாமணி தம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கவிழ்த்தார்.

"நான் ஊருக்குப் போறேன், அம்மா."

"ஏன்?"

"எத்தனையோ பேருக்கு நிறுத்தியிருக்கேன். இது மட்டும் என்னை மதிக்க மாட்டேங்குது."

அம்மையார் சேலையைத் துடைத்துக்கொண்டார்.

"இருமல் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"தோத்தது யாரு?"

மாசிலாமணி காலித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"நேத்து தூங்கினீங்களா?"

"எங்க தூங்கறது? அடுத்த இருமல் எப்ப வரும்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன்."

"நான் தூங்கிட்டேன்."

மாசிலாமணிக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"அப்ப இதை இப்படியே விட்டுடறதா?"

"யார் விடச் சொன்னது? மருந்து கொடுங்க, குடிக்கிறேன்."

"அதுக்கும் இந்த இருமல் கேட்கலைன்னா?"

"அது கேட்க வேண்டாம். நீங்க கேளுங்க. நாளைக்குக் காலையில பாடம் இருக்கு. நடுநடுவுல இருமுவேன்."