கடலிடம் ஒரு பேரம்

“யாரோ நம்மகிட்ட கூட்டிச் சொல்லுதாவ, அம்மா! வாய் கூசாம கூட்டிச் சொல்லுதாவ!”

தவசிமுத்து மடத்துக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டுதான் நுழைந்தார். காலமெல்லாம் வெங்காய மண்டி நடத்திவிட்டுச் சீடரானவர். காவி கட்டிய பிறகும் குரல் ஏலம்தான் போட்டது.

மடத்துத் தலைவி குருவம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“எதைக் கூட்டிச் சொல்லுதாவ?”

“கடல் உயரத்தை!”

கடற்கரையில் மடத்துக்கு ஓர் அன்னக்கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. புயல் என்றால் ஊர் ஜனம் முழுக்க அங்கேதான் வந்து உண்டு உறங்க வேண்டும். தளத்தை எவ்வளவு உயர்த்துவது என்று விசாரித்து முடிவு செய்யும் பொறுப்பு தவசிமுத்துவுடையது.

“யாரைக் கேட்டிய?”

“துறைமுகத்துல கடல் மட்டம் அளக்குத பிள்ளைகிட்ட மொதல்ல போனேன். புயல் அலை ஒரு பக்கம், கடலே வருஷா வருஷம் ஏறுதது ஒரு பக்கம், ரெண்டையும் சேத்து ஆள் உயரத்துக்குத் தளம் போடுங்கன்னா.”

“நீங்க?”

“முழங்கால்னேன்.”

“அவ?”

“ஆள் உயரம்னா. போனாப் போகுதுன்னு இடுப்பு வரைக்கும் வந்தேன். அப்பவும் ஆள் உயரம்னா. சரி, என்னைக்கு வரும், தேதி சொல்லுன்னேன். தேதி தெரியாது, ஏறுதது தெரியும்னா. சரக்குல குறை இருக்குன்னு அவளே ஒத்துக்கிடுதா, பாத்தியளா! வேண்டாம்னு எந்திரிச்சு நடந்தேன்.”

“வேண்டாமா?”

“வேணும்மா! நடந்தா கூப்பிடுவாவ, கூப்பிட்டா குறைப்பாவ. எந்த மண்டியிலயும் அதான வழக்கம்? மெதுவாத்தான் நடந்தேன். வாசல்ல நின்னு செருப்பை மாட்டி, கழத்தி, மறுபடியும் மாட்டினேன். ஏறிட்டுக்கூடப் பாக்கலை. தொழில் தெரியாத பிள்ளை.”

“பொறவு?”

“மனைத் தரகரைக் கேட்டேன். இடுப்புன்னார். நடந்தேன். பின்னாலயே ஓடியாந்து, ‘அண்ணாச்சி, உங்களுக்காக முழங்கால்’னார். அவரு மனுசன்!”

“பொறவு?”

“போன்ல வீடியோ பாத்தேன். ஒருத்தன் கடல் ஏறுதுன்னான். மூடி வச்சேன். இன்னொருத்தனும் அதையே சொன்னான். அவனையும் மூடி வச்சேன். கொஞ்ச நேரத்துல போனே டிங்குன்னு கூப்பிடுது. எடுத்தா, ‘கடல் ஏறவே ஏறாது, பயப்படாதீங்க’ன்னு வேற ஒருத்தன். போனுக்குத் தெரிஞ்ச வியாபாரம் அந்தப் பிள்ளைக்குத் தெரியலையே! முழங்கால்னு முடிச்சு, கொத்தனார்ட்டயும் சொல்லிட்டேன்.”

குருவம்மா கீரையை ஓரமாக வைத்தார்.

“நல்லாத்தான் முடிச்சிருக்கிய. வாங்க, சரக்குக்குச் சொந்தக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டிருவோம்.”

இருவரும் கரைக்குப் போனார்கள். அலை ஏறுகிற நேரம்.

“இவர்கிட்ட பேசுங்க,” என்று கடலைக் காட்டினார் குருவம்மா.

பேரம் என்றால் தவசிமுத்துவுக்குச் சோறு வேண்டாம். வேட்டியை மடித்துக் கட்டினார். குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்தார்.

“இதுதான் கடைசி. இதுக்கு மேல ஒரு விரக்கடை கிடையாது.”

அலை கோட்டைத் தாண்டி வந்து அவர் கணுக்காலை நனைத்தது.

“சரிவே, உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.” கொஞ்சம் பின்னால் வந்து இன்னொரு கோடு கிழித்தார்.

அதுவும் போயிற்று.

“அட, வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இன்னா, இங்க வரைக்கும் வாரும்!”

அலை அங்கேயும் வந்து, தாண்டி, வேட்டியை இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது.

தவசிமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“போம்வே! உம்ம சரக்கே வேண்டாம்!”

திரும்பி நடந்தார். மெதுவாக நடந்தார். காது மட்டும் பின்னால் இருந்தது.

குருவம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கூப்பிடுதாரா?”

“இல்ல.”

“தரகர் கூப்பிட்டாரு.”

“ஆமா.”

“போனும் கூப்பிட்டுது.”

“ஆமா.”

“இவரு கூப்பிடலை. வேற யாரும் கூப்பிடாம இருந்தாவளா?”

தவசிமுத்து நின்றுவிட்டார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அந்தப் பிள்ளையும் கூப்பிடலை,” என்றார்.

கட்டுமானத்திலிருந்து கொத்தனார் சத்தம் கொடுத்தார்.

“அம்மா! முழங்கால் உயரம் வந்தாச்சு. இதோட நிறுத்தி மட்டம் பாத்திரவா?”

“நிறுத்தாதிய!” என்று குருவம்மா பதிலுக்குச் சத்தம் போட்டார். “உயரத்தைக் குறைச்ச ஆளு ஈர வேட்டியோட அங்கதான் வாராரு. துறைமுகத்துப் பிள்ளைகிட்ட போயி, அவ சொன்ன உயரத்தை அப்படியே கேட்டு வாங்கிட்டு வந்து, குறைச்சதை அவரே ஏத்தித் தரட்டும். தளம் ஆள் உயரம் வார வரைக்கும் அவரை விடாதிய!”