பூமாரி வாசித்த நோட்டீஸ்

அந்தப் பள்ளியில் ஆசிரியர் வேலையை விட்டு வந்துவிட்டேன், இனிமேல் பயமில்லாமல் சொல்லலாம்.

ஆறாம் வகுப்புக்கு வந்தும் வாசிப்பும் கணக்கும் வராத ஏழு பேருக்கு எங்கள் பள்ளியில் மாலையில் தனி வகுப்பு நடந்தது. தலைமையாசிரியர் தங்கபாண்டியனுக்கு அது வீண் வேலை. நாளை முதல் அந்த வகுப்பு கிடையாது என்று தன் கையாலேயே நோட்டீஸ் எழுதி ஒட்டிவிட்டார்.

ஏழு பேரில் ஒருத்தியான பூமாரி நேரே அவரிடம் போனாள். "நிறுத்தாதீங்க சார், இப்பதான் எனக்கு எழுத்துக் கூட்ட வருது."

"அப்படியா? எங்க, முகிலன் மாதிரி வாசி பார்ப்போம்."

முகிலன் முதல் ரேங்க். பள்ளிக்கு எந்த அதிகாரி வந்தாலும் அவனைத்தான் எழுப்புவார்கள். அவனும் அதே மூன்றாம் பாடத்தைத்தான் வாசிப்பான். அன்றும் தலைமையாசிரியர் கூப்பிட்டதும் வந்து, மூச்சு விடாமல் வாசித்துக் காட்டினான்.

"அது எல்லாருக்கும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் சார். நீங்க புதுசா எழுதினதை ரெண்டு பேரும் வாசிக்கிறோம்" என்று பூமாரி நோட்டீஸைக் காட்டினாள்.

விரல் வைத்து, திக்கித் திக்கி வாசித்து, "உங்க கையெழுத்து வரைக்கும் வந்துட்டேன் சார்" என்று முடித்தாள். முகிலன் நோட்டீஸைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தான்.

தலைமையாசிரியர் நோட்டீஸைக் கிழித்தார்.

மறுநாள் மாலை பூமாரி அவர் அறை வாசலில் நின்றாள்.

"ஏழும் ஒண்ணும் எட்டு சார். முகிலனுக்கு உட்கார இடமில்ல, ஒரு பெஞ்சு வேணும்."