பஞ்ச வருஷத்துப் படம்

“பதிப்பகத்துல மிச்சம் இருக்கிற பிரதியை எல்லாம் கொளுத்தச் சொல்லப் போறேன், டீச்சர்.”

பரஞ்சோதி இதைச் சொன்னபோது எஸ்தர் டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு அறுபத்தாறு. தபால் ஆபீஸ் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று அவளிடம் வந்தவர். நான்கு வருடம் ஞாயிறுதோறும் வந்து ஒரு நாவலை எழுதி முடித்து, அச்சிலும் கொண்டுவந்திருந்தார்.

“இருங்க அண்ணாச்சி. என்ன ஆச்சு?”

அவர் ஒரு கடிதத்தையும் ஒரு பழைய புகைப்படத்தின் நகலையும் மேசைமேல் வைத்தார்.

ஆவாரந்தட்டை என்ற ஊர், தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய பஞ்சத்தில் பட்ட பாடுதான் அவருடைய நாவல். கடிதம் எழுதியவர் அந்த ஊர்க்காரர். புகைப்படம் அதே பஞ்ச வருஷத்தில், அதே ஊரில், யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி எடுத்தது.

“படிங்க.”

பரஞ்சோதி படித்தார். “‘எங்க தாத்தா இந்தப் படத்துல நிக்காரு. அவரைப் பார்த்தா பிச்சைக்காரர் மாதிரியா இருக்கு?’ அவ்வளவுதான், டீச்சர். கையெழுத்துகூடப் போடலை.”

டீச்சர் படத்தைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பேர். துவைத்து வெளுத்த வேட்டி, சேலை. நிமிர்ந்த முதுகு. ஒரு முகத்திலும் அழுகை இல்லை.

“நான் எழுதினது கஞ்சித்தொட்டி வரிசை. எல்லாரும் கை ஏந்தி நிக்காங்க. நாவல் முழுக்க அழுறாங்க. இதைப் பார்த்தா... நான் எழுதினது பொய்தானே?”

“பஞ்சம் பொய்யா?”

“இல்லை. அந்த ஊர்ல மட்டும் நாற்பது பேர் செத்தாங்க.”

“அப்போ படம் பொய்யா?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?”

“லெட்டர் வந்ததுலேருந்து ஒண்ணும் இறங்கலை. ரெண்டு நாளாச்சு.”

டீச்சர் எழுந்து உள்ளே போனாள். சாப்பாடு எடுத்து வரப் போகிறாள் என்று நினைத்தார். அவள் செல்போனோடு வந்தாள்.

“அந்தச் சுவரோரமா நில்லுங்க. ஒரு படம் எடுக்கேன்.”

“இப்பவா? இந்தக் கோலத்துலயா?”

“இப்பத்தான்.”

பரஞ்சோதி தயங்கித் தயங்கி எழுந்தார். கண்ணைத் துடைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார். பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்துத் தலையைப் படிய வாரினார். நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

டீச்சர் எடுத்து, போனை அவர் கையில் கொடுத்தாள்.

படத்தில் நல்ல மிடுக்கான ஒரு மனிதர் நின்றிருந்தார்.

“இவர் சாப்பிட்டு ரெண்டு நாளாச்சு,” என்றாள்.

பரஞ்சோதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்துவிட்டு, பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை வேட்டி சேலையைக் கவனிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

ஓரத்தில் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தையின் விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதன் தலையைத் தண்ணீர் தொட்டு, வகிடு எடுத்து வாரிவிட்டிருந்தாள்.

“டீச்சர், முந்நூறு பக்கத்துல ஒருத்தரைக்கூட நான் தலைவார விடலையே.”